புறவாசல் தண்ணீர்

முதலில் ஏதோ முறிகிற சத்தம். அடுத்த நொடி, லாரியிலிருந்து செங்கல்லை மொத்தமாகக் கொட்டியதுபோல் வீடே அதிர்ந்தது.

ஃபஹ்மிதா திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை அப்படியே போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். புறவாசல் மதிலில் பாதி இல்லை. இருந்த இடத்தில் செங்கல்லும் ஈரமண்ணும் குவிந்து கிடந்தன. பக்கத்து வீட்டுச் செம்மண் அந்த இடைவெளி வழியாக இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டிருந்தது. நாலைந்து நாளாகத் தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீர் அந்த மண்ணைக் கரைத்துச் சிவப்பாக மாறியது.

"உம்மா."

பின்னறைக் கட்டிலில் ஹமீது பீவி உட்கார்ந்திருந்தாள். ஜன்னலைப் பார்த்தபடி, இரண்டு கைகளும் முழங்காலில்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. மதிலுதான."

மதில்தான். ஆனால் அந்த மதில் இருந்ததால்தான் உம்மாவால் காற்றாட வெளியே வர முடிந்தது. வாப்பா சிராஜுதீன் மௌத்தாகி, அடக்கம் செய்து மூன்று மாதம் ஆகிறது. கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் உம்மா இருக்கிறாள். நான்கு மாதமும் பத்து நாளும் முடியும்வரை வீட்டை விட்டு இறங்கக் கூடாது. அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. பாளையங்கோட்டையில் அவர்கள் வீடு ஒன்றும் பெரிய வீடு அல்ல. முன்னறைக் கதவைத் திறந்தால் தெரு. அதனால் பின்னறையும், அதை ஒட்டிய புறவாசலும் மட்டும்தான் உம்மாவின் நடமாட்டம். இப்போது புறவாசலும் போயிற்று.

இடைவெளிக்கு அந்தப் பக்கம் பனியனோடு இஸ்ரவேல் வந்து நின்றார். கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபஹ்மிதாவைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உள்ள உங்க அம்மா இருக்காவளோ? நான் பாக்கல பிள்ள. தார்ப்பாய் ஒண்ணு கெடக்கு, எடுத்துத் தாரேன். மொதல்ல மறைச்சுக் கட்டு."

"தார்ப்பாய் தாரது சரி சார். மண்ணை யாரு எடுக்குறது?"

"என்ன மண்ணு?"

"உங்க மண்ணு. போன வருசம் டிப்பர்ல கொண்டாந்து உங்க தோட்டத்த ஒசத்துனியள்லா. அது தள்ளித்தான் மதில் விழுந்திருக்கு."

இஸ்ரவேல் இப்போது திரும்பினார். "உங்க பக்கம் நாள்கணக்குல தண்ணி கட்டிக் கெடக்கு. அஸ்திவாரம் ஊறிட்டு. என் மண்ணு என்ன செய்யும்?"

"உங்க தோட்டத்துத் தண்ணி எறங்கி வந்தா என் புறவாசல் என்ன செய்யும்?"

இஸ்ரவேல் தன் வீட்டுக்குள் போனார். தார்ப்பாயைக் கொண்டுவந்து இடைவெளி வழியாக நீட்டினார். அவரே ஒரு முனையைத் தன் கொய்யா மரத்தில் கட்டினார். கட்டும்போதும் முகத்தைத் திருப்பியே வைத்திருந்தார்.

தூத்துக்குடியில் கடை வைத்திருக்கும் அண்ணன் ரசீத், சாயங்கால மஃரிப் தொழுகைக்குள் கார் எடுத்து வந்துவிட்டான். புறவாசலை ஒரு சுற்று பார்த்தான். கணுக்கால் வரைக்கும் தண்ணீர். பின்னறைப் படிக்கு இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

"உம்மாவ இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்."

"இத்தாவுல எப்பிடிக் காக்கா கூட்டிட்டுப் போவீய?"

"ஹஸரத்துகிட்டயே கேப்போம்."

ஃபோனைப் போட்டு எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான். பள்ளிவாசல் ஹஸரத் நிதானமாகச் சொன்னார். புருஷன் மௌத்தான வீட்டில்தான் அந்த அம்மா இத்தா இருக்க வேண்டும். மனசுக்குச் சரியில்லை, தனியாக இருக்கிறது என்பதற்கெல்லாம் மாறக் கூடாது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது, வீடு விழும் என்ற பயம் வந்தால் மாறலாம். அப்போது குற்றமில்லை.

"இப்ப ஏறியிருக்கா?" என்று கேட்டார் ஹஸரத்.

"படி வரைக்கும் வந்திருக்கு" என்றான் ரசீத்.

"உள்ள வரல" என்றாள் ஃபஹ்மிதா.

"அப்ப பொறுங்க" என்று வைத்துவிட்டார்.

ரசீத் ஃபோனைப் பையில் போட்டான். "சரி. நாளை மறுநாள் பெரிய மழைங்கான் டிவியில. நான் வந்துருவேன். அந்தப் படியில தண்ணி ஏறிச்சுன்னா உம்மாவக் கார்ல ஏத்திருவேன். வீட்டைப் பூட்டிருவேன். நீ குலசேகரன்பட்டினம் போயிரு. மாமியா வீடு இருக்கும்போது இங்கன எதுக்கு நீ?"

அதுதான் விஷயம். ஃபஹ்மிதாவின் கணவன் சவுதியில் இருந்தான். குலசேகரன்பட்டினத்துக்குப் போனால் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூட வேலையை விட வேண்டும். அந்த வேலையை வாங்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பூட்டிய வீட்டைக் காக்கா மறுபடி திறக்க மாட்டான் என்பதும் தெரியும்.

ரசீத் பின்னறை வாசலில் போய் நின்றான். "உம்மா, நீங்க என்ன சொல்லுதிய?"

ஹமீது பீவி நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"உம்மா வாப்பா இருந்த வீட்டை விட்டு எங்கயும் வராது" என்றாள் ஃபஹ்மிதா. "நாளைக்குள்ள நான் தண்ணிக்கு வழி பண்ணுதேன்."

உம்மா வெள்ளைச் சேலை முந்தானையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

விடிந்ததும் கொத்தனார் வன்னியராஜும் சித்தாள் ரீபாவும் வந்தார்கள். கூடவே குட்டியானை வண்டியில் ஜல்லியும் பிவிசி குழாயும் வந்து இறங்கின. வன்னியராஜ் வீட்டை ஒட்டிய குறுகிய சந்தான முடுக்கில் நின்று எட்டிப் பார்க்காமலே பேசினான்.

"எம்மா, உள்ள நான் வரப்படாதுங்கிய. அப்ப உள்ள தோண்டுறது யாரு?"

"நானும் ரீபாவும்."

"நீங்க டீச்சரம்மா."

"மம்பட்டி அதெல்லாம் கேக்காது. எங்கன தோண்டணும்னு மட்டும் சொல்லுங்க."

ரீபா சேலையை இழுத்துச் செருகினாள். "அக்கா, இந்த அண்ணன் வெளிய நின்னு சத்தம் போடுத வேலைக்குத்தான் லாயக்கு. இன்னைக்கு நல்ல வாய்ப்பு."

"ஏட்டி, கேக்குது" என்றான் வன்னியராஜ் முடுக்கிலிருந்து.

"கேக்கணும்னுதான சொல்லுதேன்."

வேலை எளிமையானதுதான். முதலில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்துத் தெருவுக்கு இறைத்தார்கள். பின்னறைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நீளமாக ஒரு பள்ளம். அடியில் வலைத்துணி, அதன்மேல் ஜல்லி, ஜல்லிக்குள் துளை போட்ட குழாய். மண்ணில் ஊறுகிற தண்ணீர் குழாய்க்குள் இறங்கி மூலையில் கட்டும் சின்னத் தொட்டிக்கு வரும். மேலே ஓடுகிற மழைத்தண்ணீரும் அதே தொட்டியில் விழும். தொட்டியிலிருந்து இன்னொரு குழாய், முடுக்கு வழியாகத் தெருச் சாக்கடையான வாறுகாலுக்கு.

எளிமையான வேலைக்கு ஒரே ஒரு நிபந்தனை. சாய்மானம் வேண்டும்.

மட்டம் பார்க்கும் குழாயின் ஒரு முனையை ரீபா தொட்டி மூலையில் பிடித்தாள். மறுமுனை முடுக்கின் கடைசியில் வன்னியராஜ் கையில். குழாய்க்குள் தண்ணீர் ஆடி நின்றது.

"என்ன அண்ணே?"

"பத்தாதும்மா. வாறுகால் ஒசரத்துல இருக்கு. இந்தச் சாய்மானத்துக்குத் தண்ணி போகாது, படுத்துத் தூங்கும். முடுக்குல இன்னும் தாழ்த்தணும்."

"தாழ்த்துங்க."

"தாழ்த்தலாம். நடுவுல சார்வாள் வீட்டு மதில் கால் நிக்குது. அதுக்கு அடியில போகணும்."

சார்வாள் இஸ்ரவேல் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். கையில் ஊன்றாத ஒரு கைத்தடி. "என் மதில் காலுல ஒருத்தன் கடப்பாரை வைக்கப்படாது."

ஃபஹ்மிதா மண் கையோடு முடுக்குக்கு வந்தாள். மேற்கே மலைப்பக்கம் வானம் கறுத்து வந்தது.

"சார், முடுக்கு ரெண்டு வீட்டுக்கும் பொது."

"முடுக்கு பொது. மதில் பொது இல்ல. கோர்ட்டுல முப்பது வருசம் இதைத்தான் பாத்தேன். பக்கத்து வீட்டுக்காரன் ஒரு முழம் தோண்டுவான். பத்து வருசம் கேஸ் நடக்கும்."

"நான் தோண்டலன்னா நாளைக்கு எங்க வீட்டுக்குள்ள தண்ணி. காக்கா வீட்டைப் பூட்டிருவான்."

"அது உங்க வீட்டு விசயம்."

"அப்ப இதைக் கேளுங்க. நீங்க ஒசத்துன தோட்டத்துத் தண்ணி எங்க போகும்? இம்புட்டு நாளும் எங்க புறவாசலுக்கு வந்துச்சு. இனி நான் மதில் கட்டி அடைச்சிட்டா உங்க தோட்டத்துலயேதான் கெடக்கும். இந்தக் குழாயில உங்களுக்கும் ஒரு வாய் வச்சுத் தாரேன். ரெண்டு வீட்டுத் தண்ணியும் ஒண்ணாப் போகட்டும்."

இஸ்ரவேல் கைத்தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "மதில் சாஞ்சா?"

"சாய வேண்டியது நேத்தே சாஞ்சிட்டு சார்" என்று உள்ளேயிருந்து ரீபாவின் குரல் வந்தது. "மிச்சம் இருக்கதாவது நிக்கட்டும்னுதான் சொல்லுதோம்."

வன்னியராஜ் சிரிப்பை அடக்க இருமினான். இஸ்ரவேலுக்கும் உதடு ஒரு பக்கம் கோணியது.

"தோண்டுன கையோட சிமெண்டு போட்டு மூடணும். பள்ளத்தைத் திறந்து போட்டுட்டுச் சோறு திங்கப் போகக் கூடாது."

"சோறே திங்கல சார்" என்றான் வன்னியராஜ்.

"அப்ப தோண்டும்வே. நின்னு பேசிக்கிட்டு இருக்கீரு."

பிற்பகலில் முதல் தூறல் விழுந்தது. பள்ளத்தின் ஓரம் ஒருமுறை சரிந்து குழாயை மூடியது. ஃபஹ்மிதாவும் ரீபாவும் கையாலேயே வாரிப் போட்டார்கள். ஃபஹ்மிதாவின் உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. முடுக்கில் வன்னியராஜ் மதில் காலுக்கு அடியில் குழாயைச் செருகும்போது இஸ்ரவேல் மூச்சுவிடாமல் நின்றார். மதில் அசையவில்லை. சிமெண்டுக் கலவை விழுந்த பிறகுதான் அவர் வீட்டுக்குள் போனார்.

தூறல் விட்டது. ரீபா தொட்டிக்குள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"வருது" என்றான் வன்னியராஜ் வாறுகால் பக்கமிருந்து. "இன்னும் ஊத்து. வருதுடியம்மா, நல்லா வருது."

ரீபா அடுத்த வாளியை ஊற்றிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் உம்மா நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறாள் என்பது ஃபஹ்மிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எல்லாத் தண்ணியும் அந்த மூலைக்கா வரும்?" என்று கேட்டாள் உம்மா.

வாப்பா போனபிறகு உம்மா தானாக ஒரு கேள்வி கேட்பதே அபூர்வம். ஃபஹ்மிதாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. தொட்டிமேல் போட்டிருந்த கம்பி மூடியைத் தூக்கிக் காட்டினாள். "இன்னா பாருங்க உம்மா. இந்த ஒரு வாய்தான். இது தொறந்திருக்க வரைக்கும் உங்க படியத் தண்ணி தொடாது."

"ம்" என்றாள் உம்மா. பிறகு கட்டிலுக்குப் போய்விட்டாள்.

மழை சொன்ன நாளில் சொன்னபடி வந்தது. காலையில் பிடித்தது, ஓட்டில் கல் விழுகிற மாதிரி. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ரசீத் காரை வாசலில் ஒட்டி நிறுத்திவிட்டுத் தலையைத் துவட்டியபடி உள்ளே வந்தான். வந்ததும் நேரே பின்வாசலுக்குப் போய்ப் பார்த்தான்.

புறவாசலில் தண்ணீர் நிற்கவில்லை. பெய்யப் பெய்ய மூலைக்கு ஓடி, தொட்டி வாயில் சுழித்து, உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"பரவாயில்லையே" என்றான். அதில் பாராட்டு இல்லை.

"டீ போடுதேன் காக்கா. குடிச்சிட்டுத் தூத்துக்குடிக்கு மெதுவாப் போங்க."

முன்னறைக்கு வந்து அவன் உட்கார்ந்தான். அடுப்படியில் பால் பொங்கியது. மழைச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. டீயைக் கொடுத்தாள். ரசீத் குடித்தான். ஏதோ கடைக்காரர்களிடம் ஃபோனில் பேசினான். பேசி முடித்துவிட்டு உம்மாவைப் பார்க்கப் பின்னறைக்குப் போனான்.

"ஃபஹ்மிதா. இங்கன வா."

குரல் பதற்றமாக இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

புறவாசல் குளமாகிக் கிடந்தது. பள்ளம் தெரியவில்லை, தொட்டி தெரியவில்லை. பின்னறைப் படியின் விளிம்பைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. உம்மா கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். சேலை ஈரமாக இருந்தது.

"சாரல் அடிக்குது" என்றாள்.

"உம்மா, துணிமணியை எடுத்து வைங்க" என்றான் ரசீத்.

"பொறுங்க காக்கா. இப்பத்தான ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"இப்ப ஓடல. கண்ணு தெரியுதுல்லா?"

"அஞ்சு நிமிசம் தாங்க."

"படிக்கு மேல வந்துட்டா நான் ஒருத்தனையும் கேக்க மாட்டேன்."

அவள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு முன்வாசல் வழியாக முடுக்குக்கு ஓடினாள். வாறுகாலில் தெருத்தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அவர்கள் குழாயின் வாயிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. இஸ்ரவேலுக்கென்று வைத்த கிளையை இன்னும் அவர் தோட்டத்தோடு சேர்க்கவில்லை, அதன் வாய் மூடியே இருந்தது.

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. முடுக்கில் குழாய்க்குப் பக்கத்தில் இருப்பவர் ஒருவர்தான். தார்ப்பாயைத் தூக்கினால் தொட்டிக்கு வந்துவிடக் கூடியவரும் அவர் ஒருவர்தான். அவர் கதவைத் தட்டினாள். கை வலிக்கும்வரை தட்டினாள்.

இஸ்ரவேல் குடையை விரித்தபடி வந்தார்.

"ஏன் சார் இப்பிடிச் செய்தியோ? புடிக்கலன்னா நேத்தே சொல்லியிருக்கலாம்லா?"

"என்ன செய்தேன்?"

"குழாயை அடைச்சிருக்கு. தானா அடையாது. நேத்து நல்லா ஓடுச்சு, இன்னைக்குக் காலையிலயும் ஓடுச்சு."

இஸ்ரவேல் அவளைப் பார்த்தார். முகம் சிவந்தது. கதவைச் சாத்திவிடுவார் என்று நினைத்தாள். அவர் குடையை மடித்துச் சுவரில் சாத்தினார். உள்ளே போனார். தேங்காய் பறிக்கிற நீளமான மூங்கில் தொரட்டியோடு திரும்பி வந்தார். அதன் நுனியில் கட்டியிருந்த அரிவாளை அவிழ்த்து எறிந்தார்.

"வா. எந்தப் பக்கம் அடைச்சிருக்குன்னு பாப்போம். பாத்துட்டுப் பேசு."

கொட்டுகிற மழையில் அவர் வாறுகால் ஓரம் மண்டியிட்டு மூங்கிலைக் குழாய்க்குள் விட்டார். தள்ளினார். மதில் காலுக்கு அடியில் போயிற்று. தன் கிளை சேரும் இடத்தைத் தாண்டிப் போயிற்று. எங்கேயும் தட்டவில்லை. கிட்டத்தட்ட முழு நீளமும் உள்ளே போனபின் மெத்தென்று எதிலோ முட்டியது.

"முடுக்கு பூரா சுத்தம்" என்றார் மூச்சிரைத்தபடி. "அடைப்பு உங்க தொட்டி வாயில. நான் அங்கன வர முடியாது, உங்க அம்மா இருக்காவ. நான் இங்கனருந்து குத்துதேன். நீ அங்கனருந்து இழு. ஓடு."

ஓடினாள். பின்னறையில் ரசீத் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டிருந்தான். படிக்கு மேல் தண்ணீர் ஒரு விரல் ஏறி, அறைக்குள் ஒரு நாக்கு நீண்டிருந்தது.

"வந்துட்டு" என்றான்.

அவள் நிற்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். காலால் துழாவித் தொட்டியைக் கண்டுபிடித்தாள். கம்பி மூடி அதன்மேல் இல்லை. தள்ளிக் கிடந்து காலில் இடறியது. குனிந்து தோள்வரை கையை விட்டாள். கலங்கிய தண்ணீர் வாய்க்குள் போயிற்று. குழாயின் வாய் தட்டுப்பட்டது. அதில் ஏதோ இறுக்கிச் செருகியிருந்தது. துணி. நகம் பிய்கிற மாதிரி பிடித்து இழுத்தாள். வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து இஸ்ரவேலின் மூங்கில் குத்துவது கையில் தெரிந்தது. இன்னொரு குத்து. துணி இளகியது. இழுத்தாள்.

துணி மொத்தமாகக் கையோடு வந்தது. தண்ணீர் காலைப் பறித்துக்கொண்டு குழாய்க்குள் இறங்கியது. மூலையில் பெரிய சுழி விழுந்தது.

"ஓடுது" என்று முடுக்கிலிருந்து இஸ்ரவேலின் குரல். "பிள்ள, வாறுகால் கொள்ளாம ஓடுது."

படியின் விளிம்பு வெளியே தெரிந்தது. பிறகு படியின் பாதி. அறைக்குள் நீண்டிருந்த நாக்கு சிறுத்துப் போயிற்று. ரசீத் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பெட்டியைக் கீழே வைத்தான்.

"உள்ள நெனைஞ்சது நெனைஞ்சதுதான். ஹஸரத்துகிட்டக் கேக்கேன்" என்று முனகிக்கொண்டு ஃபோனோடு முன்னறைக்குப் போனான்.

தார்ப்பாய்க்குப் பின்னால் இஸ்ரவேல் வந்து நிற்பது தெரிந்தது. "என்ன இருந்துச்சு உள்ள? சொல்லு. எவன் வச்சான்னு பாப்போம்."

ஃபஹ்மிதா அப்போதுதான் கையிலிருந்ததைப் பார்த்தாள். சேற்றுக்குள் நீலக் கட்டம் தெரிந்தது. அது ஆண்கள் கட்டும் கைலி, ஒரு சாரம். வாப்பா கடைசியாக உடுத்திக் கிடந்த சாரம். துவைத்து மடித்துப் பின்னறை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டியின் சாவி உம்மாவின் இடுப்பில்தான் இருக்கும்.

"பழந்துணி சார்" என்றாள். "எங்க வீட்டுதுதான். உங்களைத் தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சுக்கிடுங்க."

"மன்னிப்பு கெடக்கட்டும். மூடிய ஒழுங்காப் போடு." காலடிச் சத்தம் சேற்றில் விலகிப் போயிற்று.

அவள் திரும்பினாள். உம்மா படியில் வந்து நின்றிருந்தாள். மழை முகத்தில் அடித்தது, துடைக்கவில்லை. உம்மாவின் முழங்கைவரை சேறு காய்ந்தும் காயாமலும் ஒட்டியிருந்தது. முன்னறையில் ரசீத் ஹஸரத்திடம் பேசுவது கேட்டது. உம்மா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மகள் கையிலிருந்த சாரத்தைப் பார்த்தாள். ஃபஹ்மிதா வாயைத் திறந்தாள். இந்தத் தடவை உம்மா அவளை முந்திக்கொண்டாள்.

"தண்ணி ஏறுனாத்தான என்னைய இங்கருந்து விடுவாவ? உங்க வாப்பா மூச்சு இழுத்த கட்டிலப் பாத்துக்கிட்டு இன்னும் ஒரு ராத்திரி என்னால முடியாதுட்டி."